காதில் பென்சில் வைத்திருந்தவரின் தக்காளி

என் அன்பு மாமாவுக்கு,

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கப் போவதில்லை. அங்கேயும் ஏதாவது ஒரு பம்பு ஒழுகிக்கொண்டிருக்கும்; காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு அதன் முன்னால் குந்தியிருப்பீர்கள். இங்கே அக்கா சுகம். மாரெட்பள்ளி வீட்டு மாடிப்படிக்கு அடியில் உங்கள் சைக்கிள் நிற்கிறது. வாரம் ஒரு முறை நான்தான் போய்க் காற்றடித்து வைக்கிறேன். யார் ஓட்டப் போகிறார்கள் என்று கேட்காதீர்கள்.

தக்காளி இந்த வருஷமும் காய்த்திருக்கிறது. மொத்தம் ஏழு. நாலு நிறம் திரும்பிவிட்டது, மூன்று இன்னும் பச்சை. அக்கா தினமும் எண்ணுகிறாள், எண்ணினால் கூடிவிடும் என்பது போல.

நீங்கள் போன ஐப்பசியிலிருந்து இந்தக் கடிதத்தை எழுதப் பார்க்கிறேன். எழுத வேண்டியது ஒன்றே ஒன்றுதான். இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து என்னிடம் படிக்கக் கொடுத்தீர்கள். எனக்குப் படிக்கத் தெரியவில்லை. தெரிந்த மாதிரி ஒரு பொய் சொன்னேன். அந்தப் பொய்யால் உங்களுக்குத் திருடன் என்று பெயர் வந்தது. உங்களுக்குப் பிள்ளை இல்லாததால் கொள்ளி வைத்ததும் நான்தான். அப்போதும் சொல்லவில்லை.

இதை நம் காலனித் தமிழ்ச் சங்க மலருக்குக் கொடுக்கப் போகிறேன். உங்களை அந்தப் பெயரால் கூப்பிட்டவர்களில் பாதிப் பேர் இன்னும் மலர் வாங்குகிறார்கள். அவர்கள் படிக்கட்டும். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் எது எழுதினாலும் நீட்டி முழக்குவேன் என்று நீங்கள் கிண்டல் செய்வது இப்போதும் காதில் விழுகிறது.

செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து நிபுணர்கள் நம் தொழிற்சாலைக்கு வந்திருந்த காலம் அது. காலனியின் ஓரத்தில் அவர்களுக்கு வரிசையாகப் பங்களாக்கள். நீங்கள் பராமரிப்புப் பிரிவு ஃபிட்டர். பங்களா பம்பு, குழாய், தண்ணீர்த் தொட்டி எல்லாம் உங்கள் பொறுப்பு. நான் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்தேன். வெள்ளைச் சட்டை, பையில் மூன்று பேனா. நம்மில் சிலரைப் பயிற்சிக்கு அவர்கள் நாட்டுக்கு அனுப்புவார்கள் என்று பேச்சு வந்ததும் சாயங்கால மொழி வகுப்பில் முதல் ஆளாகச் சேர்ந்தேன். ஆறு மாதம் போனேன். பரீட்சைக்கு வரும் உரையாடல்களை மனப்பாடம் செய்து ஒப்பித்துச் சான்றிதழ் வாங்கிச் சட்டம் போட்டு மாட்டினேன். அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் சுத்தியல் பிடித்தவர். அவர் பிள்ளை விமானம் ஏறப் போகிறான் என்று உறவில் எல்லோருக்கும் கடிதம் எழுதியவர் நீங்கள்தான்.

மூன்றாம் நம்பர் பங்களா அம்மாவைப் பற்றி நீங்கள் வீட்டில் வந்து சொல்வீர்கள். தலையில் துணி கட்டிக்கொண்டு, முழங்கால் மண்ணில் பதியத் தோட்ட வேலை செய்கிற வெள்ளைக்காரி. அந்த அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது, உங்களுக்கு செக் வராது. ஆனாலும் இரண்டு பேரும் கையாலேயே பேசிக்கொள்வீர்களாம். பூச்சிக்குச் சாம்பல் தூவ நீங்கள் காட்டினீர்கள். தக்காளிச் செடியின் பக்கக் கிளையைக் கிள்ளிவிட அந்த அம்மா காட்டினாள். பம்பு ரிப்பேருக்கு இத்தனை நேரமா என்று அக்கா முறைத்ததும், "பம்பு பாவம் தனம், அதுக்குக் கொஞ்சம் ரெஸ்ட்டு வேணாமா" என்று நீங்கள் சமாளித்ததும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அந்த பங்களாக்காரர்கள் ஊருக்குக் கிளம்பிய வாரம் நீங்கள் நேராக எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்தீர்கள். அக்காவும் அன்று அங்கேதான் இருந்தாள். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு நீலக் கோட்டுக் காகிதத்தை எடுத்து மேஜையில் விரித்தீர்கள். கீழ்ப்பாதியில் தக்காளி விதை காய்ந்து ஒட்டியிருந்தது. மேலே நெருக்கமான கையெழுத்து.

"டேய் மச்சான், நீதான் செக் கிளாஸ் போறியே. அந்தம்மா இத குடுத்துட்டு என்னமோ சொல்லிச்சு. என்ன எழுதிக்கிதுன்னு பாரு."

அச்செழுத்தாக இருந்தால் தட்டுத் தடுமாறி நாலு வார்த்தை பிடித்திருப்பேன். கையெழுத்தில் எனக்கு ஒன்றுமே பிடிபடவில்லை. அக்கா காபி டம்ளரோடு நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரில் சான்றிதழ் வேறு தொங்கியது. தெரியவில்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும் மாமா?

"ஒண்ணுமில்ல மாமா. மளிகை லிஸ்டு. உப்பு, மாவு, வெண்ணெய்... கைக்குக் கெடச்ச காகிதத்துல வெதைய ஒட்டிக் குடுத்துட்டாங்க."

"அவ்ளோதானா?" என்றீர்கள். முகம் கொஞ்சம் வாடியது. காகிதத்தை மறுபடி நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டீர்கள்.

பாதி விதையை எடுத்து நட்டீர்கள். அடுத்த குளிர்காலத்தில் உங்கள் குவார்ட்டர்ஸ் பின்பக்கம் எல்லோரும் வந்து பார்க்கிற இடமாகிவிட்டது. நாம் பார்த்த தக்காளி எல்லாம் சின்னதாக, புளிப்பாக, வரி வரியாக இருக்கும். இது இளஞ்சிவப்பு. கீழே குவிந்து, நெஞ்சாங்குலை மாதிரி. ஒன்றை எடுத்தால் உள்ளங்கை நிறையும். அறுத்தால் சதைதான், விதை கொஞ்சமே கொஞ்சம். காலனித் தோட்டப் போட்டியில் உங்களுக்கு முதல் பரிசு. கோப்பையை அக்கா ரேடியோ பக்கத்தில் வைத்து மேலே குரோஷா துணி போட்டாள்.

மூன்றே நாள். காலனி வீடுகளைப் பார்த்துக்கொள்ளும் எஸ்டேட் ஆபீசிலிருந்து ஆள் வந்தது. அந்தத் தக்காளி பங்களாத் தோட்டத்தில் இருந்ததாச்சே, உனக்கு எப்படி வந்தது என்று கேள்வி. காலியான பங்களாக்களில் சில சாமான்கள் காணாமல் போயிருந்த நேரம் அது. யார் தலையிலாவது போட வேண்டும், அவர்களுக்கு உங்கள் தலை கிடைத்தது. அந்த அம்மாவே கொடுத்தாள் என்றீர்கள். சாட்சி எங்கே என்றார்கள். அந்த அம்மாதான் கடல் கடந்து போய்விட்டாளே!

விசாரணைக்கு முந்தின சாயங்காலம் என்னிடம் வந்தீர்கள். "மச்சான், அந்தக் காகிதத்தக் காட்டட்டுமா?"

"நக்கோ மாமா, வேணாம். அவங்க வீட்டு மளிகை லிஸ்டு உங்க கைல எப்படி வந்துச்சின்னு கேப்பாங்க. சமையக்கட்டு வரைக்கும் போனியான்னு கேப்பாங்க. அது இருக்கறதே வெளிய சொல்லாதீங்க."

உங்களைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னேன் என்று பல வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டேன். பச்சைப் பொய். காகிதம் வெளியே வந்தால் படிக்கத் தெரிந்த ஒருவர் கைக்குப் போகும். போனால் என் சான்றிதழின் லட்சணம் தெரிந்துவிடும். பயிற்சிக்குப் போகிறவர்கள் பட்டியலில் என் பெயர் அந்த மாதம்தான் வந்திருந்தது.

மறுநாள் நீங்கள் வெறுங்கையோடு போனீர்கள். ஒரு மெமோ கொடுத்தார்கள், பங்களா வேலையிலிருந்து எடுத்துக் கழிவிரும்பு யார்டில் போட்டார்கள். கோப்பையைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். துணிப்பையில் போட்டுச் சைக்கிள் ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு நீங்களே போய்க் கொடுத்துவிட்டு வந்தீர்கள். பையை மடித்து அக்காவிடம் நீட்டினீர்கள். பின்பக்கம் போய்ச் செடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டீர்கள். அதற்குப் பிறகு உங்கள் தட்டில் தக்காளி விழுந்ததில்லை. புளி ரசம்தான், கடைசி வரைக்கும். காதில் பென்சிலும் அன்றோடு சரி.

பள்ளிக்கூடப் பசங்கள் சைக்கிளைப் பார்த்ததும் "டமாட்டர் சோர்! டமாட்டர் சோர்!" என்று இந்தியில் தக்காளித் திருடன் பட்டம் சொல்லிக் கத்துவார்கள். நீங்கள் மணி அடித்துக்கொண்டே போய்விடுவீர்கள். நான் ஒரு தடவை அதைக் கேட்டுவிட்டு மரத்துக்குப் பின்னால் ஒதுங்கி நின்றேன். இதையும் எழுதிவிடுகிறேன், மறைத்தது போதும்.

நான் விமானம் ஏறினேன். வழியனுப்ப வந்த கூட்டத்தில் நீங்களும் மாலையோடு நின்றீர்கள். பயிற்சி நடந்த ஆறு மாதமும் அங்கே பனி. தோட்டம் எதையும் கண்ணால் பார்க்கவில்லை. ஆனால் ஃபோர்மன் தினமும் வேலைச்சீட்டைக் கையால்தான் எழுதுவார், படித்தே ஆக வேண்டும். திரும்பி வந்தபோது எனக்குச் செக் கையெழுத்து படிக்க வந்துவிட்டது மாமா. அந்தக் காகிதம் எங்கே என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நிஜமாகவே மளிகை லிஸ்டாக இருந்துவிட்டால் தேவலை என்று நினைத்துக்கொண்டு விட்டுவிட்டேன். அப்படியே இருபது வருஷம் ஓடிவிட்டது.

உங்கள் பதினாறாம் நாள். படையலுக்கு அக்கா இலை போட்டாள். வடை, பாயசம், உங்களுக்குப் பிடித்த சுரைக்காய்க் கூட்டு, எல்லாம் வைத்தாள். கடைசியில் உள்ளே போய் எதையோ முந்தானையில் மூடிக் கொண்டுவந்து இலை நடுவில் வைத்தாள். அந்தத் தக்காளி! அதே நிறம், அதே குவிந்த முனை.

எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு கேட்டேன். "அன்னிக்கி அவரு புடுங்கிப் போட்டதுலேர்ந்து ஒரு பழத்த வெதைக்கு எடுத்து வெச்சேன். வருஷா வருஷம் ஒரே ஒரு செடி, தண்ணித் தொட்டிக்குப் பின்னால," என்றாள். "அவருக்குத் தெரியாதுன்னுதான் நெனச்சிக்கினு இருந்தேன். காலைல போய்ப் பாத்தா மண்ணு நனஞ்சி கெடக்கும். பக்கக் கிளையெல்லாம் கிள்ளியிருக்கும். அவரும் பேசல, நானும் பேசல."

அன்று முதல் எனக்கு ஒரு வெறி பிடித்தது. இந்தத் தக்காளி எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்தே தீர வேண்டும். இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தவன் அல்லவா! ஒரு வார்ப்பைக் கையில் கொடுத்தால் அதில் அடித்த எண்ணைப் பார்த்து எந்த உலையில், எந்த ஷிஃப்டில் ஊற்றியது என்று சொல்லிவிடுவேன். ஆனால் இந்தத் தக்காளியின் எண் அந்தக் காகிதத்தில்தான் இருக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். காகிதத்தைக் கேட்கத் துணிவில்லாமல் பழத்தைத் தூக்கிக்கொண்டு ஊரெல்லாம் அலைந்தேன்.

முதலில் போலாரம், அந்தக் காலத்து வெள்ளைக்காரப் பட்டாளம் இருந்த இடம். அங்கே நாற்றுப் பண்ணை வைத்திருக்கும் ஒரு பெரியவர் பழத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, "அரே, ஏ தோ மேம்சாப் லோகோங்கா டமாட்டர்," என்றார். துரைசானிகளின் தக்காளியாம். வெள்ளைக்கார ஆபீசர்கள் காலத்து பங்களாத் தோட்டங்களில் இருந்ததாம், இந்தப் பக்கம் எல்லோரிடமும் விதை இருந்ததாம். கேட்டதும் எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அது போலாரம் தக்காளி என்றால் நீங்கள் திருடவில்லை. காகிதமும் தேவையில்லை. என் பொய்யும் யாருக்கும் தெரிய வேண்டாம். பஸ்ஸில் வரும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து பாட்டுக்கூட முணுமுணுத்தேன், வெட்கமில்லாமல்.

நிச்சயம் செய்துகொள்ள வேளாண் ஆராய்ச்சியில் இருக்கும் ஒரு அம்மாவைப் பார்க்கப் போனேன். பழமும் ஒரு கிளையும் கொண்டு போயிருந்தேன். அந்த அம்மா பழத்தை விட இலையைத்தான் அதிகம் பார்த்தார். துவண்டு தொங்குகிற மெல்லிய இலை, இதய வடிவம், சதை அதிகம், விதை குறைவு. போலாரம் கதையை இரண்டே நிமிஷத்தில் ஒதுக்கிவிட்டார். அந்தக் காலத்து பங்களாக்களில் இருந்தவை என்று அவர்கள் சேர்த்து, பாத்தியில் நட்டு வைத்திருந்த வகைகளைக் காட்டினார். ஒன்றுகூட இந்த மாதிரி இல்லை. இது ஐரோப்பாவில், கிழக்குப் பக்கத்து வீட்டுத் தோட்டங்களில் வழிவழியாக வைத்திருக்கும் ரகம் என்றார்.

"எந்த நாடு, எந்த ஊர்னு சொல்ல முடியுமாம்மா?"

"செடி இதுக்கு மேல பேசாதுங்க," என்றார், தெலுங்கு வாசனையடிக்கும் தமிழில். "வீட்டு ரகத்துக்கு ஊர் பேரு செடியில இருக்காது, குடுத்த கையில இருக்கும். யார் குடுத்தாங்க? ஒரு கவர், ஒரு சீட்டு, ஏதாச்சும் இருக்கா பாருங்க."

நேராக மாரெட்பள்ளிக்கு வந்தேன். அக்கா அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்தேன். என்ன கேட்பது, எப்படி ஆரம்பிப்பது என்று முழித்துக்கொண்டிருந்தேன். அவள் முறத்தை ஓரமாக வைத்துவிட்டு எழுந்து போய் பீரோவைத் திறந்தாள். உங்கள் பென்ஷன் காகிதங்களுக்கு அடியிலிருந்து அதை எடுத்து வந்து என் மடியில் வைத்தாள்.

"இப்பவாவது படிச்சி சொல்லு."

படித்தேன் மாமா. வரிக்கு வரி தமிழில் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன். உங்களுக்கு வந்த கடிதம் அது.

"பம்பு பழுது பார்க்க வரும், காதில் பென்சில் வைத்த ஐயாவுக்கு. உங்கள் பெயர் என் வாயில் சரியாக வரவில்லை, மன்னியுங்கள். இந்த விதை என் அம்மாவின் தோட்டத்திலிருந்து நான் கொண்டுவந்தது. அவளுக்கு யுத்த காலத்தில் பக்கத்து வீட்டுக்காரி கொடுத்தாள். அந்த வீட்டார் எல்லோரையும் பிடித்து ரயிலில் ஏற்றிக்கொண்டு போனார்கள், பிறகு யாரும் திரும்பி வரவில்லை. எங்கள் பக்கம் இதை மாட்டு இதயம் என்போம். ஒரு பழத்தில் விதை கொஞ்சம்தான் இருக்கும். முதலில் பழுப்பதைச் சாப்பிடாமல் விதைக்கு விடுங்கள். இது நான் உங்களுக்குக் கொடுப்பது. யாராவது கேட்டால் இந்தக் காகிதத்தைக் காட்டுங்கள்."

அதற்கு மேல் படிக்க முடியவில்லை. கடைசி இரண்டு வரியும் விதைக்கு அடியில் இருந்தன. அக்கா ஈரத் துணியால் ஒற்றி, நகத்தால் ஒவ்வொரு விதையாகப் பெயர்த்தெடுத்தாள். அடியில் அந்த அம்மாவின் பெயரும், ஒரு சின்ன ஊரின் பெயரும், தெருவும், "காய்த்ததா என்று எழுதுங்கள்" என்று ஒரு வரியும் இருந்தன. பெயர்த்த பதினோரு விதையையும் தொட்டியில் ஊன்றினோம். ஒன்றும் முளைக்கவில்லை.

காய்த்தது என்று அந்த விலாசத்துக்கு எழுதிப் போட்டேன். இதுவரை பதில் இல்லை. அந்த அம்மா இருக்கிறாளோ இல்லையோ. எத்தனை வருஷம் தபால்காரனைப் பார்த்துக்கொண்டிருந்தாளோ?

எஸ்டேட் ஆபீசுக்கும் போனேன். உங்கள் விசாரணைத் தாளில் இந்தக் காகிதத்தைச் சேர்க்கச் சொன்னேன். அங்கிருந்தவர் மரியாதையாகவே பேசினார். "அத்தனை பழைய ஃபைல் எல்லாம் கழிச்சாச்சு சார். இப்ப யாருக்கு ஞாபகம் இருக்கப் போவுது?" என்றார். எனக்கு இருக்கிறதே, அதற்கு என்ன செய்ய?

இதுவரை எழுதியதை நேற்று அக்காவிடம் படித்துக் காட்டினேன். மளிகை லிஸ்டு இடம் வந்தபோது தலையை நிமிர்த்தவில்லை. படித்து முடித்தேன். திட்டுவாள், எழுந்து போகச் சொல்வாள் என்று காத்திருந்தேன்.

"அவருக்குத் தெரியும்டா," என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"அன்னிக்கி வீட்டுக்குப் போற வழியிலயே சொன்னாரு. மளிகை லிஸ்டக் குடுத்துட்டு யாராச்சும் நெஞ்சுல கை வெச்சி கண் கலங்குவாங்களா தனம், பாவம் அவனுக்குப் படிக்கத் தெரியல, கேட்டா கூச்சப்படுவான், விடுன்னாரு."

"அப்போ விசாரணையில..."

"கிளாஸ் மாஸ்டர் கிட்ட காட்டலாம்னு நான் கால்ல விழாத கொறையா கெஞ்சினேன். மாட்டேன்னுட்டாரு. காகிதத்த வெளிய எடுத்தா பையன் ஃபாரின் போறது கெட்டுடும், என் பேரு போனா போவட்டும், பம்புக்கு என் பேரு தெரியுமான்னு சிரிச்சாரு. உன்கிட்ட வந்து காட்டட்டுமான்னு கேட்டாரே, அது கூட நீயே வாயத் தொறந்து சொல்றியான்னு பாக்கத்தான்."

பிறகு முறத்தை எடுத்துக்கொண்டாள்.

"நீ வந்து சொல்லுவேன்னு கடைசி வரைக்கும் எதிர்பாத்தாரு. நானும்தான்."

மாமா, மாலையோடு விமான நிலையத்தில் நின்றீர்களே, அப்போதும் தெரியுமா? தீபாவளிக்குத் தீபாவளி என் பக்கத்தில் உட்கார்ந்து புளி ரசம் குடித்தீர்களே, அப்போதும் எனக்காகத்தான் காத்திருந்தீர்களா? நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பென்சில் மறுபடி காதுக்கு வந்திருக்குமா? இனி யாரைக் கேட்பேன்?

வருகிற தை மாதம் காலனியில் தோட்டப் போட்டி. முதலில் பழுத்ததை விதைக்கு விட்டுவிட்டோம், அந்த அம்மா சொன்னபடியே. மீதி ஆறையும் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு போவேன், உங்கள் சைக்கிளில். ரகம் மாட்டு இதயம், வந்த இடம் இன்ன ஊர், கொடுத்தவர் இன்னார், வளர்த்தவர் ஃபிட்டர் ஏகாம்பரம் என்று தமிழிலும் தெலுங்கிலும் இங்கிலீஷிலும் அட்டை எழுதிவிட்டேன். பென்சிலால்தான் எழுதினேன். கூட்டம் கலையும் வரை தட்டுக்குப் பக்கத்தில் நிற்பேன், இந்தத் தடவை மரத்துக்குப் பின்னால் ஒதுங்க மாட்டேன். கேட்டவர்களுக்கெல்லாம் அந்தக் காகிதத்தைக் காட்டுவேன். யாரும் கேட்காவிட்டாலும் காட்டுவேன்.

உங்களுக்குக் கொள்ளி வைத்த கையால் இதை எழுதும்,
உங்கள் மச்சினன்
குமரேசன்